வோல்டேஜ் இறங்கிய இடம்

மறுபதிப்பு வந்துவிட்டது.
இரண்டு கறுப்புத் தட்டு, ஒரு சின்னப் புத்தகம்,
தட்டின் விலையை எட்டிப் பிடிக்கும் சுங்கவரி ரசீது.

நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் ஜமைக்காவில்
மழைக்கு ஒதுங்கியவர்கள்போல் ஓர் அறையில் கூடி
சங்கீதப் புத்தகத்தைத் தோலில் தட்டிப் பாடியவர்கள்.
முதல் அடியை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள்.
படி இல்லாத இடத்தில் கால் வைத்து
விழாமல் நிற்கிற மாதிரி ஒரு தாளம்.
அதற்குள் ஜாஸ் தெரிந்த ஒருத்தன் புகுந்து
டிராம்போனை நீட்டியிருக்கிறான்,
அடுத்த வீட்டு ஜன்னலில் கைவிட்டு உப்பு கேட்பவன்போல.

இதுநாள்வரை என்னிடம் இருந்தது
கோட்டைத் தெரு தாவூத் ரெக்கார்டிங்கில் ஏற்றிய
அறுபது நிமிட டேப்.
உறையில் அவர் பால்பாயிண்ட் எழுத்து:
ஜமைக்கா சாமிப் பாட்டு. பித்தளை ஜாஸ்தி.

அந்த டேப்பில் நாலாவது பாட்டு முடியாது.
பாடுகிறவன் சீயோன் என்று இழுக்கும்போது
குரல் தடிக்கும், கனக்கும்,
கயிறு நழுவிய வாளியாய்
கீழே, இன்னும் கீழே போய்
டக்.
பிறகு வெறும் இரைச்சல்.
சேர்வராயன் மலையில் ஜூலை பெய்கிற அதே இரைச்சல்.

இருபத்திரண்டு வருடமாக
காலை ஆறரைக்கு ஏற்காட்டிலிருந்து இறங்குகிறது என் வேன்,
சேலம் பெரியாஸ்பத்திரிக்கு ஷிஃப்ட் மாற்றப் போகும்
நர்ஸுகளை ஏற்றிக்கொண்டு.
ஏரிக்கரையில் டேப்பைத் தட்டினால்
அந்தக் குரல் இறங்குவது சரியாக ஒன்பதாம் வளைவில்.
பனி இருந்தால் பத்தில்.
ரோஸ்லின் சிஸ்டர் கண்ணை மூடிக்கொள்வாள்.
"இப்ப இறங்குவார்" என்பாள்.
யார் என்று நான் கேட்டதில்லை.
நானும் அந்த இடத்தில்தான் ஜெபிப்பேன்,
ஸ்டியரிங்கை விடாமல்,
ஆமென் சொல்ல நேரமில்லாமல்.

புதுத் தட்டில் பாட்டு நிற்கவில்லை.
சீயோன் என்கிறான், சாதாரணமாக,
கதவைச் சாத்திவிட்டுக் கிளம்புகிறவன்போல.
அதற்குப் பிறகு இன்னும் நாலு நிமிஷம்:
டிராம்போன், ஒரு புல்லாங்குழல்,
பின்னால் யாரோ சிரித்து இருமுகிறார்கள்.
புத்தகத்தில் தேடினேன்.
டிராம்போன்: பெயர் தெரியவில்லை.
தூசியெல்லாம் துடைத்தவர்களுக்கு
அது மட்டும் கிடைக்கவில்லை.

தாவூத் பாய்க்கு போன் போட்டேன்.
நாலு ரோட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி விற்கிறார் இப்போது.
"அன்னைக்கு மத்தியானத்துலேருந்தே வோல்டேஜ் டல்லும்மா.
தட்டு மெதுவாச் சுத்திச்சு. அப்புறம் கரண்டே போச்சு.
மீதிய நாளைக்கு ஏத்தித் தர்றேன்னேன், நீதான் வரல.
பன்னெண்டு ரூபா பாக்கிகூட இருக்கு."

ஆக,
இத்தனை காலம் என்னிடம் இறங்கி வந்தது
மின்சார வாரியம்.

மறுநாள் புதுசைத்தான் போட்டேன்.
ஒன்பதில் கால் தானாக பிரேக்குக்குப் போனது.
ரோஸ்லின் கண்ணை மூடினாள்.
குரல் இறங்கவில்லை.
எட்டு, ஏழு,
பெயர் தெரியாதவன் ஊதிக்கொண்டே வருகிறான்,
கைப்பிடிச் சுவரில் குரங்குகள் திரும்பிப் பார்க்கின்றன,
ஆறில் எதிரே காபி மூட்டை லாரி.
நல்ல வாசிப்பு. அழத் தோன்றும் அளவுக்கு நல்லது.
அடிவாரச் செக்போஸ்ட்டில் அவள் கண் திறந்தாள்.
"இன்னைக்கு லீவா அவருக்கு?"
சில்லறை தேடுகிற மாதிரி
டேஷ்போர்டைக் கிளறினேன்.

திரும்பி ஏறும்போது வேன் காலி.
பாட்டு எதுவும் போடவில்லை.
ஒன்பதாம் வளைவு வந்தது.
கியரைக் குறைக்க வேண்டிய இடத்தில்
குறைக்காமல் கொஞ்சம் காத்திருந்தேன்.
இஞ்சின் குரல் தடித்தது.
கனத்தது.